செத்தவன் பேசும் கட்டம்

அத்தியாயம் பதினொன்று

காலை ஏழு இருபதுக்கு மின்சாரம் போயிற்று.

மின்விசிறி நின்றதும் தபதி தூரிகையைத் தாளிலிருந்து எடுத்துவிட்டாள். வியர்வை சொட்டினால் மை கலைந்துவிடும். முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வரைபலகையை ஜன்னல் பக்கம் திருப்பினாள்.

பலகையில் இருந்தது சித்திரக்கதையின் கடைசிப் பக்கம். ஆறு கட்டங்கள். ஆறாவதில், பனிமேட்டின் அடியில் ஒரு விண்வெளி வீரன் மல்லாந்து கிடந்தான். தலைக்கவசத்தின் கண்ணாடி உறைந்து வெளுத்திருந்தது. உள்ளே இருக்கும் முகம் தெரியவில்லை.

தெரியாதபடி அவள்தான் வரைந்திருந்தாள்.

அவன் பெயர் நீல். மாமனார் நிருபம் பாதுரி எழுபத்திரண்டாம் வருடம் 'தூர்பீன்' பத்திரிகையின் துர்கா பூஜை மலருக்கு எழுதிய விஞ்ஞான நாவலின் நாயகன். சனிக்கோளின் நிலவொன்றில் பனியில் சிக்கிய 'ஜோனாகி' கப்பலை விடுவிக்க அவன் வெளியே இறங்குகிறான். கப்பல் கிளம்பிவிடுகிறது. தலைவன் கதவைச் சாத்துகிறான், தாழிடவில்லை. நாவல் அங்கே நின்றுவிட்டது. நீல் இருக்கிறானா இல்லையா என்று கல்கத்தாப் பிள்ளைகள் வருடக்கணக்கில் கேட்டார்கள். மாமனார் பதில் சொல்லாமலே மூன்று வருடம் முன்பு போய்ச் சேர்ந்தார்.

தாழிடாத கதவை ஊர் விஞ்ஞானக் கற்பனை என்று படித்தது. இந்த வீட்டில் யாரும் அப்படிப் படிக்கவில்லை. நாவலுக்கு முந்தைய வருடம்தான் மூத்த பிள்ளை பாச்சு, கல்லூரிக் கூட்டாளிகளோடு புரட்சி என்று சொல்லிப் படியிறங்கிப் போனான். பிடித்ததாகப் போலீஸ் சொல்லவில்லை. பிணம் கிடைத்ததாகவும் யாரும் சொல்லவில்லை.

இப்போது அந்தக் கதை படங்களாகத் தொடர்கிறது. எழுதுவது இளைய மகன் சௌமேன். வரைவது அவன் மனைவி தபதி.

போன வாரம் சௌமேனின் பையில் தர்ப்பைக் கட்டைப் பார்த்ததிலிருந்து அவளுக்குத் தூக்கம் சரியில்லை. பன்னிரண்டு வருடம் ஆளைக் காணவில்லையென்றால், தர்ப்பையில் உருவம் முடிந்து எரித்துக் காரியம் செய்துவிடலாம். மகாளயத்துக்கு முன் ஒரு நாளைப் புரோகிதர் குறித்துக் கொடுத்திருந்தார். தர்ப்பை இப்போது அலமாரி மேல் இருக்கிறது. மாமியார் சுப்ரபாவுக்குத் தெரியாது.

"முடிஞ்சுதா?" சௌமேன் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"காயணும்."

"அஞ்சு மணிக்குள்ள பத்திரிகை ஆபீஸ்ல குஹ பாபு கையில இருக்கணும். நாளைக்கு விஸ்வகர்மா பூஜை. அச்சாபீஸ்ல ஒருத்தன் மெஷினைத் தொடமாட்டான். பக்கத்தைப் படம் பிடிக்கிற கேமராக்காரன் ஊருக்குப் போனா எப்பத் திரும்புவான்னு அவனுக்கே தெரியாது."

"நாலு நாளா இதையேதான் சொல்றே."

"கேக்கிற மாதிரி தெரியலையே."

அடுப்படியில் கரண்டிச் சத்தம். பூஜை வழக்கப்படி நாளைக்கு அடுப்பு மூட்டக்கூடாது. நாளைய சாப்பாடு முழுக்க இன்றே ஆக வேண்டும். சுப்ரபா விடியலிலேயே தொடங்கிவிட்டாள். விதவையான பிறகு அவள் மீனைத் தொட்டுச் சாப்பிடுவதில்லை. ஆனால் இலிஷ் மீனை அவளைத் தவிர வேறு யாரும் பொரிக்கக் கூடாது.

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது.

கரண்டி நின்றது.

காலடி இவர்கள் வாசலைத் தாண்டி மேல் மாடிக்குப் போனது. யாரோ கதவைத் தட்டினார்கள். பால்காரன் குரல்.

கரண்டி மறுபடி ஓடியது. சௌமேன் தபதியைப் பார்த்தான். பார்த்தாயா என்று கேட்கிற பார்வை.

"பௌமா," அடுப்படியிலிருந்து சுப்ரபா மருமகளைக் கூப்பிட்டாள். "முடிஞ்சா இங்க கொண்டா. வெளிய போறதுக்கு முன்னாடி என் கண்ணுல காட்டணும்னு சொல்லித்தானே கதையைத் தொடரக் கையெழுத்துப் போட்டேன்."

"மை காயலை மா," சௌமேன் முந்திக்கொண்டான். "அடுப்படியில எண்ணெய் தெறிக்கும். அச்சானப்புறம் பாரேன்."

"அச்சானப்புறம் ஊரே பார்க்கும். நான் ஊரா?"

"முதல்ல உன் கண்ணாடி எங்கன்னு கண்டுபிடி."

"கண்ணாடி என் மூக்கு மேலதான் இருக்கு." அவள் வாசற்படியில் வந்து நின்றாள். கையில் கரண்டி. வெள்ளைப் புடவையில் மஞ்சள் தெறித்திருந்தது. "உன் பொத்தானைப் பாருடா டுட்டுல். ஒண்ணு தள்ளிப் போட்டிருக்கே. இதுல பசங்களுக்குப் பௌதிகம் சொல்லித் தரப் போறானாம்."

சௌமேன் குனிந்து பொத்தான்களைக் கழற்றி மறுபடி போட்டான். அதற்கு வெகுநேரம் ஆனது. நிமிர்ந்தபோது அம்மா அடுப்படிக்குப் போய்விட்டிருந்தாள்.

"அம்மா பூஜைக்கு உக்கார்ற நேரம் பார்த்துக் கிளம்பு," என்றான் மெதுவாக.

"திருட்டுத்தனமா?"

"பத்திரிகை ஆசிரியர் சொன்ன முடிவு. நாம என்ன பண்ண முடியும்? மலர்ல வந்துட்டா அம்மாவே ஏத்துக்குவா."

தபதி தூரிகையைக் கழுவினாள். தண்ணீர் கறுத்தது.

*

மதியம் சுப்ரபா சாமி முன்னால் கண் மூடியிருந்தபோது, தபதி பக்கங்களை இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கட்டினாள். கூடத்துச் சுவரில் இரண்டு படங்கள். மாமனார் படத்துக்குச் சந்தன மாலை. பக்கத்தில் பாச்சு, அரும்பு மீசையோடு. மாலை இல்லை. கல்யாணமாகி வந்த ஐந்து வருடத்தில் மாமியார் அந்தப் பெயரைச் சொல்லி ஒருமுறைகூட அவள் கேட்டதில்லை. படத்தை மட்டும் தினமும் துடைப்பாள்.

சொல்லிக்கொள்ளாமல் இறங்கினாள்.

ஷ்யாம்பஜாரில் டிராம் காலியாக இருந்தது. மொட்டை மாடிகளில் நாளைய பூஜைக்கான பட்டங்கள் இன்றே ஏறிவிட்டன. காலேஜ் ஸ்ட்ரீட்டில் இறங்கும்வரை அட்டைக்கட்டை மடியிலிருந்து அவள் எடுக்கவில்லை.

'தூர்பீன்' அலுவலகம் இரண்டாம் மாடி. ஆசிரியர் பிரியநாத் குஹ பனியனோடு உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். மாமனாரின் சிநேகிதர்; தபதிக்கு 'ஜேட்டு', பெரியப்பா முறை. மூலையில் எழுத்துப் போடும் ஹாரான்தா, காலை மடித்து, நிப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். சித்திரக்கதையில் பேச்செல்லாம் அவர் கையெழுத்துதான்.

"வா பௌமா, வா. கப்பல் ஒருவழியா கரை சேர்ந்துதா?"

"சேர்ந்துடுச்சு ஜேட்டு."

குஹ பக்கங்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தலையாட்டினார். கடைசிப் பக்கத்தில் தலை நின்றது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளை மூக்கருகே கொண்டுபோனார்.

"ஹாரான், இங்க வா. இந்த அதிசயத்தைப் பாரு."

ஹாரான்தா எழுந்து வந்து பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"என்ன?" என்றாள் தபதி.

"பிணம் பேசுதும்மா," என்றார் ஹாரான்தா.

அப்போதுதான் பார்த்தாள். ஆறாவது கட்டத்தின் மேல் மூலையில் ஒரு பேச்சு பலூன். உள்ளே வெறும் வெள்ளை. அதன் வால் வளைந்து இறங்கி, உறைந்த தலைக்கவசத்தில் சரியாகப் போய் முடிந்தது.

அவள் முகம் சுட்டது. எந்தப் பக்கத்திலும் பலூன்களுக்குத்தான் முதலில் மை. ஹாரான்தாவின் எழுத்துக்கு இடம் வேண்டும். படம் அதற்குப் பிறகு, மிச்ச இடத்தில். முதல் பிரதியில் நீல் உயிரோடு இருந்தான். பனியை உதறிக்கொண்டு எழுந்து உட்கார்ந்து, தேடி வந்தவர்களைப் பார்த்து, 'இவ்வளவு நேரமா?' என்று கேட்டான். சௌமேன் எழுதிய வசனம்தான். பிறகு முடிவு மாறியது. அவள் நீலைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பிணத்தைப் போட்டாள். பலூனை எடுக்கவில்லை.

"மன்னிச்சுக்குங்க ஜேட்டு. முதல்ல அவன் எழுந்து உக்கார்ற மாதிரி இருந்துது. அப்புறம் நீங்க மாத்தச் சொன்னதால—"

"யாரு, நானா?"

குஹவின் வாய் மெல்லுவதை நிறுத்தியது.

"நான் எதுக்கும்மா என் வயித்துல நானே அடிச்சுக்கப் போறேன்? பய உயிரோட இருந்தா அடுத்த வருஷ மலருக்கும் எனக்குக் கதை இருக்கு. உன் புருஷன்தான் வந்து உக்கார்ந்தான், இதே நாற்காலியில. அம்மாவுக்கு இதுதான் இஷ்டம், நீல் போயிட்டான்னு முடிச்சாத்தான் அவளுக்கு மனசு ஆறும்னான். உன் மாமியார், எங்க பௌதியே சொல்லிட்டா அப்புறம் நான் யாரு குறுக்க நிக்க?"

தபதி பக்கத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஏன், பௌதி இதைப் பார்க்கலையா?"

குஹ எழுந்துபோய் ஜன்னல் வழியே வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

ஹாரான்தா போஸ்டர் வெள்ளைப் புட்டியைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினார். பக்கத்தில் ஒரு தூரிகை. "ரெண்டு இழுப்பு இழுத்தா பலூன் போயிடும். பனியோட பனியாக் கலந்துடும். யாருக்கும் தெரியாது."

தபதி தூரிகையைத் தோய்த்தாள். பலூனின் மேல் கொண்டுபோனாள்.

எதிர் மாடியில் எவன் பட்டமோ அறுந்தது. "போ-காட்டா!" என்று கூச்சல் கிளம்பியது.

தூரிகையைக் கீழே வைத்தாள்.

"ஆறு மணி வரைக்கும் குடுங்க ஜேட்டு."

"கேமராக்காரன் ஹௌராவுல ரயில் பிடிக்கணும்."

"ஆறு மணிக்குள்ள வந்துடறேன். ஒண்ணு வெள்ளை அடிச்சுக் கொண்டுவரேன். இல்ல, உள்ள என்ன எழுதணும்னு கேட்டுட்டு வரேன்."

"யாரைக் கேட்டு?"

அவள் கடைசிப் பக்கத்தை மட்டும் அட்டைக்கு நடுவே வைத்தாள். மற்றவை மேசையிலேயே கிடந்தன.

"நீ வரலேன்னா நிருபம்தா விட்ட இடத்துலயே நானும் விட்டுடுவேன்," என்றார் குஹ. "அந்த மனுஷனை யாரும் அடிக்கலை. என்னை அடிப்பானுங்க."

வாசல்வரை கூடவே வந்த ஹாரான்தா சொன்னார்: "தாயே, என்ன எழுதறதுன்னாலும் சின்னதா இருக்கட்டும். பலூன் ரொம்பப் பெரிசில்லை."

*

படியேறும்போதே இலிஷ் வாசனை. மேலே அடுப்படியில் கரண்டி ஓடிக்கொண்டிருந்தது.

அவள் காலடி கேட்டு அது நின்றது.

"நான்தான் மா," என்றாள் தபதி, பாதிப் படியிலிருந்து.

அதற்குள் கதவு திறந்துவிட்டது. சுப்ரபா நின்றுகொண்டிருந்தாள். கழுத்தெல்லாம் வியர்வை. கண் ஒரு கணம் தபதிக்குப் பின்னால் போய்த் திரும்பியது.

"நீயா. வா." அட்டைக்கட்டைப் பார்த்தாள். எங்கே போனாய் என்று கேட்கவில்லை. அடுப்படிக்குத் திரும்பிவிட்டாள்.

சௌமேன் அறையில் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"குடுத்தாச்சா?"

தபதி கதவை ஒருக்களித்தாள். அட்டையைக் கட்டில்மேல் வைத்தாள்.

"குஹ பாபு எதையும் மாத்தச் சொல்லலையாம்."

அவன் கை சட்டையிலேயே நின்றது.

"என்கிட்ட ஆசிரியர் சொன்னார்னே. அவர்கிட்ட அம்மா சொன்னாங்கன்னே. அம்மாகிட்ட மை காயலேன்னே. ஒரு பக்கத்துக்கு எத்தனை பொய்?"

"மெதுவாப் பேசு."

"மெதுவாத்தான் பேசறேன்."

அவன் கட்டிலில் உட்கார்ந்தான்.

"என்ன பண்ணச் சொல்றே? நேராப் போய், மா, பாச்சு இல்லை, பொம்மை செஞ்சு எரிக்கப் போறேன், எழுந்து வான்னு கூப்பிடவா? அப்பாவாலயே முடியலை. கதவைத் திறந்து போட்டுட்டு அவர் போயிட்டார். பால்காரன் ஏறினா அம்மா எழுந்துக்கறா. பேப்பர்காரன் ஏறினா எழுந்துக்கறா. மூட்டு வலிக்குதுன்னு என்கிட்ட சொல்லுவா. எதனால வலிக்குதுன்னு சொல்லமாட்டா."

அவன் கழற்றிய சட்டையை மடியில் சுருட்டினான்.

"மூணு வருஷமா மகாளயத்துக்குக் கங்கையில நிக்கிறேன். அப்பா பேரைச் சொல்றேன். தாத்தா பேரைச் சொல்றேன். அடுத்த பேரு தொண்டையில நிக்குது. சொன்னா, கொன்னவன் நான். சொல்லாம விட்டா, ஒரு கை தண்ணியில்லாம அவன் எங்கயோ நிக்கிறான். நீயே சொல்லு. நான் எதைப் பண்ண?"

"அவர் இல்லைன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. இருக்கான்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. அதான் நான் முகம் போடலை."

அவன் அட்டையைப் பிரித்தான். பக்கத்தைப் பார்த்தவன் புருவத்தைச் சுருக்கினான்.

"இது என்ன? இந்த பலூன் ஏன் இன்னும் இருக்கு?"

"அழிக்க மறந்துட்டேன்."

"மறந்தியா?"

அது மறதிதானா என்று அவளுக்கே தெரியவில்லை. டிராமில் வரும் வழியெல்லாம் யோசித்துப் பார்த்திருந்தாள்.

சௌமேன் அவள் மேசையிலிருந்து வெள்ளைப் புட்டியை எடுத்தான். மூடி இறுகியிருந்தது. பல்லால் திருகித் திறந்தான். தபதி உள்ளங்கையைப் பலூனின் மேல் வைத்தாள்.

"எடு."

"மாட்டேன்."

"கேமராக்காரன் போயிடுவான்."

"போகட்டும். இதை அம்மாகிட்ட நீ வாயைத் திறந்து சொல்லு. என் தூரிகையை வச்சுச் சொல்லாதே."

"கையை எடு தபதி."

"எதுக்கு எடுக்கணும்?"

இந்தக் கேள்வியைத் தபதி கேட்கவில்லை.

ஒருக்களித்த கதவு முழுக்கத் திறந்திருந்தது. சுப்ரபா உள்ளே வந்தாள். விரல்களெல்லாம் மஞ்சள். அவற்றைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். முழுதாகப் போகவில்லை. கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றினாள்.

"இப்ப மை காஞ்சிருக்குமே. எடு பௌமா."

தபதி கையை எடுத்தாள்.

சுப்ரபா பக்கத்தை ஜன்னலுக்குக் கொண்டுபோனாள். முதல் கட்டத்திலிருந்து ஆரம்பித்தாள். அவசரப்படவில்லை. தேடி வரும் கப்பல். பனியில் இறங்கும் ஆட்கள். கால் தடங்கள் இல்லாத சமவெளி. ஒருவன் மண்டியிட்டுப் பனியைத் தள்ளுகிறான். தாளின் ஓரத்தில் அவள் கட்டைவிரல் பட்டு மஞ்சள் ஒட்டியது. கேமராவில் அது கறுப்பாக விழும். தபதி அதைச் சொல்லவில்லை.

ஆறாவது கட்டத்துக்கு வந்தாள். நின்றாள்.

மாடிப்படியில் யாரோ ஏறும் சத்தம் கேட்டது. செருப்பு தேய்ந்த நடை. மூன்று பேருக்கும் கேட்டது. சுப்ரபா தலையைத் திருப்பவில்லை. காலடி வாசலைத் தாண்டி மேலே போயிற்று.

"போயிட்டானா?" என்றாள்.

"கதை மா," என்றான் சௌமேன். "வெறும் கதைதானே."

"வெறும் கதைன்னா எனக்கு ஏன் ஒளிச்சே?"

அவன் கையில் புட்டி சாய்ந்து, வெள்ளை தரையில் சொட்டியது.

"அலமாரி மேல வச்சிருக்கியே தர்ப்பை," சுப்ரபா பக்கத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "அது காஞ்சுபோச்சு. உருவம் முடிஞ்சா ஒடியும். பச்சையா வாங்கணும்."

தபதி கணவனைப் பார்த்தாள். அவன் புட்டியை நிமிர்த்திக் கீழே வைத்தான்.

சுப்ரபா பக்கத்தை மேசைமேல் வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மூட்டைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக. பிறகு விரலை, தாளில் படாமல், பலூனின் நேர் மேலே நீட்டினாள்.

"செத்துட்டான்னு எழுதிட்டே. சரி. எழுதறவன் நீ. ஆனா செத்தவன் எதுவோ சொல்றானே. வெள்ளையா விட்டிருக்கீங்க." அவள் மகனை நிமிர்ந்து பார்த்தாள். "சொல்லுடா டுட்டுல். என்ன சொல்றான் பாச்சு?"